சென்டர் விட்ட பிறகு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால், பள்ளிக்கூடம் விட்ட பிறகு என்னென்ன செய்தோம் என்பதில்தான் பேச்சு வந்து நிற்கிறது. புளியங்காய் அடித்தது, வாடகை சைக்கிள் எடுத்துக் கீழே விழுந்தது, போடியிலிருந்து மதுரைக்குப் போகும் சின்ன ரயிலுக்குக் கையாட்டியது. நீங்கள் சொல்லிச் சிரிக்கும்போது நானும் கூடச் சிரிப்பேன். ஆனால் அந்த நேரத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பயம்தான். ஒரு ஆடி மாதம் முழுக்கப் பள்ளிக்கூட மணி அடித்த பிறகும் நான் பையை எடுக்காமல் உட்கார்ந்திருப்பேன். இதை உங்களில் யாரிடமும் நான் சொன்னதில்லை.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்கு எட்டு. அம்மா மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போவாள். விடியும் முன்னே தெருமுனையில் ஜீப்பு வந்து ஹாரன் அடிக்கும். ஒரு ஜீப்புக்குள் எத்தனை பேர் ஏற முடியும் என்று நினைக்கிறீர்களோ அதைப் போல ரெண்டு மடங்குப் பெண்கள் அதில் ஏறுவார்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, இடுப்பில் மழைக்குச் சுற்றுகிற பிளாஸ்டிக் தாள், கையில் தூக்குவாளி. இருட்டுகிற நேரத்துக்குத்தான் திரும்புவார்கள். அம்மா வாசலில் நின்று கணுக்காலில் அட்டை கடித்த இடங்களைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். அவள் மேல் எப்போதும் பச்சை ஏலக்காய் வாசனை. இன்றைக்கும் பாயசத்தில் யாராவது ஏலக்காய் தட்டிப் போட்டால் எனக்கு ஈரத்துணி வாசனையும் சேர்ந்து வருகிறது.

அப்பா இலவம்பஞ்சு குடோன்களில் மூட்டை தூக்கினார். வேலை இருந்தாலும் குடி, இல்லாவிட்டாலும் குடி. பள்ளிக்கூடம் விட்டு அம்மா வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் தனியாகத்தான் இருந்தோம். இது எப்படியோ பெரிய டீச்சருக்குத் தெரிந்து, எங்களைச் சென்டரில் சேர்த்துவிட்டார்.

வாசலில் ‘மாலை நேர மையம்’ என்று போர்டு இருக்கும். நாங்கள் சொல்வது சென்டரு. வெளியூர்க்காரர்கள் யாரோ உதவி செய்து நடத்தினார்கள். அதை ஊரில் பார்த்துக்கொண்ட சார் ஒருவர் முதல் நாள் எங்களை வரிசையாக உட்கார வைத்து, “நீங்கள்லாம் வழி தவறிப் போகக்கூடிய பிள்ளைக. அதுக்குத்தான் இந்த ஏற்பாடு” என்றார்.

வழி தவறுவது என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மலையில் மூடுபனி இறங்கினால் ஆட்கள் வழி தவறுவார்கள். குரங்கணிக்கு மேலே விறகுக்குப் போனவர்கள் அப்படித் தவறி இரண்டு நாள் கழித்துக் கிடைத்திருக்கிறார்கள். என் முகத்தில் என்ன பார்த்து இவர் இப்படிச் சொல்கிறார் என்று பயந்தேன். அதற்கு மேல், சென்டரில் சொன்னபடி கேட்காத பிள்ளைகளை வலை அடித்த வேனில் ஏற்றி மதுரைச் சீர்திருத்தப் பள்ளிக்குக் கொண்டு போவார்கள் என்று ஒரு பேச்சு. யார் கிளப்பிவிட்டதோ தெரியாது. நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

சென்டர் நடந்தது ஒரு பழைய பஞ்சு குடோனில். எவ்வளவு கூட்டினாலும் சுவர் இடுக்கிலிருந்து பஞ்சு வந்துகொண்டே இருக்கும். தலையில் ஒட்டும், சுண்டலில் விழும், தும்மல் நிற்காது. ஆடிக்காற்றில் தகரக் கூரை படபடவென்று அடித்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் தம்பி என் பாவாடையைப் பிடிப்பான். வீட்டுப்பாடம், சுண்டல், கேரம் போர்டு. அது முடிந்தால் ஒவ்வொரு பிள்ளையும் தனக்கென்று ஒதுக்கி விட்டிருக்கும் பெரியவரோடு தனியாக உட்கார்ந்து பேச வேண்டும்.

எனக்கும் தம்பிக்கும் விட்டிருந்தது ஒரு அக்கா. மதுரைப் பக்கத்திலிருந்து படித்துவிட்டு வந்தவள். பருத்திப் புடவையைச் சரியாகக் கட்டத் தெரியாமல் அடிக்கடி இழுத்துவிட்டுக்கொள்வாள். அவள் தினமும் ஒரே கேள்வியைக் கேட்பாள்.

“உனக்கு எதுக்குப் பயம்னு சொல்லு. என்கிட்ட சொல்லலாம்.”

“ஒண்ணுமில்லக்கா.”

அப்பா குடிப்பதைச் சொன்னால் வேன் வரும் என்பது என் கணக்கு. அதனால் வாயே திறக்கவில்லை. அவளை ரொம்பப் பெரிய மனுஷி என்று நினைத்திருந்தேன். என் மூத்த மகளுக்கு இப்போது இருக்கும் வயது கூட அவளுக்கு அப்போது இருந்திருக்காது.

சென்டருக்குள் நுழையும்போது பையன்களின் பாக்கெட்டைத் தடவிப் பார்ப்பார்கள், பீடி இருக்கிறதா என்று. பெண்பிள்ளைகளின் பையைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். தப்பு எங்களுக்குள்ளிருந்துதான் கிளம்பும் என்பது அவர்களுடைய எண்ணம். எங்களை வீட்டில் கொண்டுபோய் விட்ட ஜீப்பை யாரும் தடவிப் பார்க்கவில்லை.

அந்த ஜீப்புக்காரரை நாங்கள் எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிட்டோம். சென்டர் விடும்போது வெளிச்சம் மங்கிவிடும். போகிற வழியில் சாராயக் கடை. பிள்ளைகள் எப்படிப் போகும் என்று பேச்சு வந்தபோது, அவரே வந்து தன் ஜீப்பில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். காசு வேண்டாம் என்றார். கூரைக்குப் புதுத் தகரமும் அவர்தான் போட்டுக் கொடுத்தார். சார் அவரைப் பார்த்தால் எழுந்து நிற்பார். ஜீப்பு டேஷ்போர்டில் எப்போதும் தேன்மிட்டாய் இருக்கும். எந்தப் பிள்ளைக்கு யார் அப்பன், எங்கே வேலை, யாரோடு குடிக்கிறான், எல்லாம் அவருக்குத் தெரியும். எங்கள் மேல் எவ்வளவு அக்கறை என்று அக்கா சொல்வாள்.

ஆடி பிறந்த சமயம், கேரம் நன்றாக ஆடுகிற பையன் ஒருவன் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. அக்கா அவன் வீட்டுக்குப் போய்க் கேட்டாள். சின்னமனூரில் மாமன் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று அவன் அம்மா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாளாம்.

“இந்தப் பிள்ளைக இப்பிடித்தாம்மா. ஒரு எடத்துல நிலைக்காதுக” என்றார் சார்.

எங்களுக்குத் தெரியும். அவன் முறுக்குக் கம்பெனிக்குப் போய்விட்டான். வடக்கே எங்கேயோ, நம் ஊர் ஆட்களே நடத்துகிற கம்பெனிகள். கூடப் பிறந்தவர்கள் போலக் கூட்டிப் போவார்கள். கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் ராத்திரி பகலாக நிற்க வேண்டும். தூங்கினால் கரண்டிக் காம்பால் அடி. வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருப்பதால் திரும்பி வரவும் முடியாது. போனவன் தம்பியே எங்களிடம் இதைச் சொன்னான். பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பெரியவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தோம்.

அதற்குப் பிறகுதான் ஜீப்பில் மாமா தம்பியிடம் பேச ஆரம்பித்தார். அவனை முன் சீட்டில் உட்கார வைத்துக்கொள்வார்.

“மாப்ளே, ரயில்ல போயிருக்கியா?”

“இல்ல மாமா.”

“ரெண்டு நாள் ரயிலு. ஜன்னலோரம். என்ன கேட்டாலும் வாங்கித் தருவாக.”

தம்பி என்னைத் திரும்பிப் பார்ப்பான். ஒரு நாள் அக்காவிடம் துணிந்து சொன்னேன்.

“அக்கா, நானும் தம்பியும் நடந்தே போறோம்.”

“அந்தக் கடை வழியாவா? வேணாம்மா. மாமா கொண்டுபோய் விடுவாருல்ல. உனக்கு என்ன பயம்?”

அவர்தான் பயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெருவில் சுற்ற ஆசைப்படுகிறேன் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். என் தலையைத் தடவிக் கொடுத்து ஜீப்பில் ஏற்றிவிட்டாள்.

அன்றைக்கு நல்ல சாரல். மலை கண்ணுக்கே தெரியவில்லை. மற்ற பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டுக் கடைசியாக எங்கள் தெருமுனையில் ஜீப்பை நிறுத்தினார். வழக்கமாக எங்களைத்தான் முதலில் இறக்குவார்.

“ஆத்தா, நீ எறங்கி வீட்டுக்குப் போ. ஒங்கம்மா இன்னைக்கு எஸ்டேட்ல தங்குது. தம்பிய மட்டும் கொண்டாரச் சொல்லுச்சு. விட்டுட்டு வந்துர்றேன்.”

ஒரு காலைக் கீழே வைத்துவிட்டேன். அம்மா ஒரு நாளும் மலையில் தங்கியதில்லை. அப்படியே தங்கினாலும் என்னை விட்டுவிட்டுத் தம்பியை மட்டும் எதற்குக் கேட்கிறாள்? தெருவில் ஒரு ஆள் இல்லை. கத்தினாலும் யாருக்குக் கேட்கும்? கீழே வைத்த காலை எடுத்து மறுபடி ஏறி, முன் சீட்டுக்குத் தாண்டிப் போய்த் தம்பியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

“நானும் வர்றேன் மாமா.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். “சரி, வா.”

மலையடிவாரத்தில் இருக்கும் முந்தலுக்கு வந்தோம். அங்கே செக்போஸ்ட்டில் இருந்தவர் கையாட்டினார். இவரும் கையாட்டினார். தெரிந்த வண்டி, தெரிந்த ஆள். மலை ஏற ஆரம்பித்தது. வளைவுக்கு வளைவு பனி கூடிக்கொண்டே வந்தது. வைப்பர் கிறீச்சிட்டது. தம்பியின் நெஞ்சு என் கைக்குள் குருவி மாதிரி அடித்துக்கொண்டது. அவனுக்கு ஒன்றும் தெரியாது, மலை ரோட்டைப் பார்த்துப் பயப்படுகிறான் என்று நினைத்தேன். நான் மனதுக்குள் அம்மா, அம்மா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சாமி பேர் ஒன்று கூட ஞாபகம் வரவில்லை.

ஏதோ ஒரு வளைவில் தம்பி குமட்டினான். அவர் மேலேயே எடுத்துவிடுவான் போல இருந்தது. “சீட்ல எடுத்துறாத, எறங்கு, எறங்கு” என்று ஜீப்பை ஓரங்கட்டினார். நான்தான் அவனை இறக்கிக் கூட்டிப் போய்த் தடுப்புச் சுவர் பக்கத்தில் நிறுத்தினேன். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். சுவருக்கு அந்தப் பக்கம் வெள்ளையாகப் பனி, கீழே பள்ளம் எவ்வளவு என்று தெரியாது.

“வெரசா வாங்க” என்றார் மாமா.

“இன்னும் வருதாம்” என்றேன். ஏறவே கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். தம்பியின் கையைப் பிடித்து, “போதும் மாப்ளே, வா” என்று இழுத்தார். நான் தம்பியின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. அந்த நிதானம்தான் எனக்கு இன்றுவரை கனவில் வருகிறது. ஒவ்வொரு விரலாக என் கையைப் பிரித்தார்.

அப்போதுதான் மேலே விளக்கு வெளிச்சம் தெரிந்தது. எஸ்டேட்டிலிருந்து ஆட்களை இறக்கிக்கொண்டு வரும் ஜீப்பு. தம்பியை விட்டுவிட்டு ஓடி நடு ரோட்டில் நின்றேன். பிரேக் பிடித்த ஜீப்பு என் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். பின்னாலிருந்து ஒரு பொம்பளை எட்டிப் பார்த்தாள்.

எங்கள் எதிர்வீட்டு அத்தை. தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் அம்மாவோடு பேச்சுவார்த்தை இல்லாதவள். அவள் வாய்க்குப் பயந்து நான் அவள் வாசல் பக்கமே போனதில்லை.

“ஏ புள்ள, நீ இங்க எங்க வந்த?”

“அம்மா தங்குதுன்னு மாமா கூட்டிட்டு வந்தாரு.”

“யாரு தங்குறா? ஒங்காத்தா பின்னாடி ஜீப்புல வந்துக்கிட்டிருக்கா” என்றாள். சொல்லிக்கொண்டே இறங்கிவிட்டாள். அவள் பின்னால் ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். ஈரமும் சேறும் ஏலக்காய் வாசனையுமாக என்னைச் சுற்றி நின்றார்கள். அத்தை நேரே போய்த் தம்பியின் கையைப் பிடித்திருந்த கையைப் பார்த்து, “விடுய்யா” என்றாள். அவர் விட்டார்.

“சென்டர்ல சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன்” என்றார் முதலில். அதற்குள் அடுத்த ஜீப்பு வந்து நின்றது. அம்மா இறங்கி எங்களைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் குரலை மாற்றிக்கொண்டார்.

“என்னைய ஏம்மா மொறைக்கிற? நான் திருடிட்டா போறேன்? பெத்த அப்பன் கைநீட்டி வாங்கிருக்கான். போய் ஒம் புருசன்கிட்டக் கேளு.”

அம்மா எங்களைத் தூக்கி ஜீப்பில் போட்டாள். இறங்கும் வழி முழுக்க எங்கள் இரண்டு பேரையும் மடியை விட்டு இறக்கவில்லை. மாமாவிடமிருந்து தப்பித்துவிட்டோம் என்று எனக்கு நிம்மதி வரவில்லை. இப்போது வீட்டுக்குப் போகிறோம், அங்கே அப்பா இருப்பார் என்று நினைத்தபோதுதான் அதுவரை தெரியாத ஒரு பயம் வந்தது.

அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குக் குடித்திருக்கவில்லை. எங்களைப் பார்த்ததும் எழுந்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார். அம்மா அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. பாயையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு எங்களைக் கூட்டிக்கொண்டு தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போனாள். அத்தை கதவைத் திறந்து வைத்திருந்தாள். அந்த மாதம் முழுக்க நாங்கள் அங்கேதான் படுத்தோம்.

மறுநாள் அம்மா வேலைக்குப் போகவில்லை. அத்தையும் போகவில்லை. இருவரும் எங்களோடு சென்டருக்கு வந்தார்கள். சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்பா சம்மதத்தோட நடந்திருக்கு. இது குடும்பப் பிரச்சினை. அவரு எவ்வளவு செஞ்சிருக்காரு நமக்கு” என்றார். பிறகு என்னைக் காட்டி, “இந்தப் புள்ளைக்குக் கொஞ்சம் பயந்த சுபாவம். இல்லாதத நெனச்சுக்கும்” என்றார்.

அக்கா சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள்.

“நான்தான் சார் அவர் கையில ஏத்திவிட்டேன். நடந்து போறேன்னு அவ சொன்னா. நான் கேக்கல” என்றாள். பிறகு, “வாங்கம்மா, ஸ்டேஷனுக்குப் போவோம்” என்று செருப்பை மாட்டினாள்.

ஸ்டேஷனில் அவளுக்குப் பேசத் தெரியவில்லை, அத்தைதான் பேசினாள் என்று அம்மா பின்னால் சொன்னாள். ஆனால் தினமும் போய் அந்த பெஞ்சில் உட்கார்ந்தது அக்காதான். கேரம் பையனைப் பற்றியும் எழுதிக் கொடுத்தாள். போடி ரயில் ஸ்டேஷனிலும் மதுரையிலும் போலீஸ் பார்வை இருப்பதால் பிள்ளைகளை மலை தாண்டிக் கேரளா வழியாக ரயிலேற்றுகிறார்கள் என்பது அப்புறம்தான் வெளியே வந்தது. மாமாவைப் பிடித்துப் போனார்கள். கொஞ்ச நாளில் வெளியே வந்துவிட்டார். ஆனால் அவர் ஜீப்பில் ஏற எங்கள் தெருவில் ஒரு பெண்ணும் சம்மதிக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்.

சென்டர் விட்டதும் அக்கா எங்களை எல்லாம் நடத்திக் கூட்டிப் போக ஆரம்பித்தாள். சாராயக் கடை வரும்போது அவள் நடை வேகமாகும். என் கையைப் பிடித்திருந்த அவள் கை வியர்த்திருக்கும். அவளுக்கும் பயம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆச்சரியமாக இருந்தது. எனக்கு எதற்குப் பயம் என்று அவள் அப்புறம் கேட்கவே இல்லை. நானே ஒவ்வொன்றாகச் சொன்னேன். வேன் எதுவும் வரவில்லை.

தை மாதத்தில் கேரம் பையனையும் இன்னும் சிலரையும் மீட்டுக் கூட்டி வந்தார்கள். இரண்டு முன்கையிலும் எண்ணெய் தெறித்த வடுக்கள். கேரம் பக்கம் அவன் போகவில்லை. கதவுக்குப் பக்கத்திலேயே, வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். யாராவது குரலை உயர்த்தினால் கையால் தலையை மூடிக்கொள்வான். படிப்பு அவனுக்கு அப்புறம் ஏறவில்லை. இப்போது ராசிங்காபுரத்தில் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்து விவசாயம் பார்க்கிறான். பிள்ளைகள் படிக்கின்றன.

அடுத்த வருஷம் அக்கா வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டாள். சென்டரும் கொஞ்ச காலத்தில் நின்றுபோனது.

மாமாவை நான் ஒரே ஒரு முறை பார்த்தேன். எனக்குக் கல்யாணமாகி மகள் கையில் இருந்தாள். தேனி பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் வந்து நின்று, “நல்லா இருக்கியா ஆத்தா?” என்று கேட்டார். தலை நரைத்துப் போயிருந்தது. பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். நான் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது எங்கே போகிற பஸ் என்று கூடப் பார்க்கவில்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் அதற்குப் பிறகு குடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். எங்களைப் படிக்க வைத்தார். அம்மா அவருக்குச் சோறு போட்டாள், கடைசிவரை முகம் பார்த்துப் பேசவில்லை. அவள் போன பிறகு அவர் தம்பி வீட்டில்தான் இருக்கிறார். தம்பி மின்சார வாரியத்தில் வேலை பார்க்கிறான். ஆபீஸ் விட்டு வந்ததும் அவரைக் குளிப்பாட்டி, சோற்றைக் குழைத்து ஊட்டிவிடுவான். எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்கும், மாமா ஏமாற்றிக் கூட்டிப் போனதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று நான் இருந்தேன். நானும் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. என் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது, அப்பா இருக்கும் அறையில் அவர்களைத் தனியாக ஒரு நிமிஷம் விட்டதில்லை. கை நடுங்குகிற கிழவர் என்ன செய்துவிடுவார் என்று புத்தி சொல்லும். மனசு கேட்காது.

போன ஆடியில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். வெளியே அதே காற்று. அவன் அப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தான். அவர் வாயோரம் வழிந்ததைத் தன் துண்டால் துடைத்தான். எனக்குத் தாங்கவில்லை.

“உனக்கு ஒண்ணு தெரியாதுடா” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும்க்கா” என்றான், திரும்பிப் பார்க்காமலே. “அன்னைக்குக் காலையில அப்பா எனக்குப் புதுச் சட்டை போட்டுவிட்டாரு. மாமாகூடப் போ, அக்காகிட்ட சொல்லாதன்னாரு. என்னையக் கட்டிப்பிடிச்சு அழுதாரு.”

அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்காது. வாயைத் திறந்து அடுத்த கவளத்துக்குக் காத்திருந்தார்.

“இவ்வளவு நாளும் தெரிஞ்சுமா இவருக்கு இப்படிச் செய்ற?”

அவன் கவளத்தை உருட்டி அவர் வாயில் வைத்தான். அவர் மென்று முடிக்கும்வரை பார்த்திருந்தான்.

“ரொம்ப வருசம் இவரு முன்னாடி தூங்கவே பயப்படுவேன்க்கா. ஒரு நாள் இவருக்கு எந்திரிக்க முடியாமப் போச்சு. யாராவது தூக்கணும். நான் தூக்குனேன். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வந்துச்சு.”

பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தி, “நான் தண்ணி கொண்டு வர்றேன். நீ ஒரு வாய் ஊட்டிவிடேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

அறையில் நானும் அப்பாவும் மட்டும் இருந்தோம். அவர் வாயைத் திறந்தார். நான் சோற்றை எடுத்தேன்.